ஷாங்காயில் ஒரு குட்டி வியன்னா!

ஷாங்காய் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஆற்றங்கரையில் ஜொலிக்கும் விளக்குகள்தான். வேலை நிமித்தமாக அங்கே போனபோது நானும் முதல் நாள் ராத்திரி அதைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கரையில் பச்சைக் கூம்புக் கூரையோடு ஒரு பழைய ஹோட்டல். இப்போது பீஸ் ஹோட்டல் என்கிறார்கள். இதைக் கட்டியது யார் என்று தேடிப்போனால், கதை நம்ம பம்பாய்க்கு வந்து நிற்கிறது!

பாக்தாத்தில் இருக்க முடியாமல் கிளம்பி, 1832-ல் பம்பாயில் குடியேறிய யூத வியாபாரி டேவிட் சாசூன். பருத்தி, அபினி வியாபாரத்தில் அவருடைய பிள்ளைகள் சீனா வரைக்கும் போனார்கள். அந்தக் குடும்பத்தில் வந்த விக்டர் சாசூன் 1929-ல் திறந்ததுதான் இந்த ஹோட்டல். அன்றைய பெயர் கேத்தே. பணக்கார ஷாங்காய் அங்கேதான் ராத்திரி ராத்திரி நடனமாடியது.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு ஷாங்காயைப் பற்றி. ஹோட்டலிலிருந்து சற்றுத் தள்ளி, ஆற்றுக்கு வடக்கே ஹாங்க்யூ என்று ஓர் ஏழைப் பேட்டை.

1938 நவம்பரில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் கோயில்களையும் கடைகளையும் நாஜிகள் கொளுத்தினார்கள். தப்பி ஓட வேண்டும். எங்கே ஓடுவது? நாட்டுக்கு நாடு கதவைச் சாத்திக்கொண்டது. ஷாங்காய் துறைமுகத்தில் மட்டும் விசா கேட்க ஆள் இல்லை. காரணம் கருணை அல்ல. 1937 யுத்தத்துக்குப் பிறகு அங்கே பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரமே யார் கையிலும் இல்லை, அவ்வளவுதான்! ஆனால் கருணையும் இல்லாமல் போகவில்லை. நாஜி நாட்டைவிட்டு வெளியேற ஏதாவது ஒரு விசாவைக் காட்டியாக வேண்டியிருந்தது. வியன்னாவில் சீனக் கான்சல் ஜெனரலாக இருந்த ஹோ ஃபெங்ஷான், மேலதிகாரி தடுத்தும் கேட்காமல் விசா எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இத்தாலியில் கப்பல் ஏறி, சூயஸ், பம்பாய், கொழும்பு வழியாக வந்து இறங்கியவர்கள் ஏறக்குறைய 18,000 பேர். கையில் கொண்டுவர அனுமதித்த பணம் வெறும் 10 மார்க்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குண்டு விழுந்து இடிந்து கிடந்த வீடுகளைச் சரிசெய்தார்கள். பிள்ளைகளுக்கு ஹொரேஸ் கதூரி பள்ளிக்கூடம் வைத்துக் கொடுத்தார். ரொட்டிக்கடை வந்தது, ஜெர்மன் பத்திரிகை வந்தது. கூடவே காபிக் கடைகள்! தியேட்டர் மொட்டை மாடியில் நடனம், பாட்டுக் கச்சேரி, நாடகம். 'குட்டி வியன்னா' என்றே அந்தப் பேட்டைக்குப் பெயர் வந்துவிட்டது. ஒரே காபியை வைத்துக்கொண்டு ராத்திரி வரை பேசிக்கொண்டிருந்தவன் சோம்பேறி இல்லை சார். ஊரில் வக்கீலாக, டாக்டராக இருந்தவன். அந்த ஒரு மணி நேரம்தான் அவன் மறுபடி பழைய மனுஷன்.

1943 பிப்ரவரியில் ஜப்பானியர் உத்தரவு வந்தது. 1937-க்குப் பிறகு வந்த அகதிகள் எல்லோரும் மே 18-க்குள் ஹாங்க்யூவில் ஒரு சதுர மைல் சுமாருக்குள் அடங்க வேண்டும். வெளியே போகப் பாஸ் வேண்டும். சுவர் கிடையாது, பசி உண்டு. அதே சந்துகளில் அவர்களைவிடப் பல மடங்கு சீன ஏழைகளும் வாழ்ந்தார்கள். 1945 ஜூலை 17 அன்று அமெரிக்கக் குண்டு விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அகதிகள் இறந்தார்கள். செத்த சீனர்கள் அதைவிட மிக அதிகம். காயம்பட்டவர்களுக்கு ஆள் பார்க்காமல் கட்டுப் போட்டார்கள், அந்த அகதி டாக்டர்கள்.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று எல்லோரும் கலைந்துபோனார்கள். அவர்கள் கும்பிட்ட ஓஹெல் மோஷே கோயில் 2007 முதல் மியூசியமாக இருக்கிறது. எதிரே 'ஒயிட் ஹார்ஸ்' காபிக் கடையைப் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு காபி குடித்தேன்.

கலைந்துபோனவர்கள் 1980-களில் அமெரிக்காவில் மறுபடி கூடினார்கள். வைத்துக்கொண்ட பெயர் 'ரிக்‌ஷா ரீயூனியன்'! பட்டினி கிடந்த இடத்தைக் கொண்டாட எதற்காக இத்தனை தூரம் வந்தார்கள்? கேள்விக்கு விடை நமக்குத் தெரியாதா என்ன? ஹாஸ்டல் சாப்பாட்டை நாலு வருஷம் திட்டித் தீர்த்த நாம்தானே, இன்று அதைப் பற்றிப் பேசவே இத்தனை ஊரிலிருந்து வந்திருக்கிறோம்!