பேசிய பெண்ணும் கல்லான பெண்ணும்

1945இல் காஞ்சிபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த 'திராவிட நாடு' இதழில் 'தமயந்தி' என்றொரு தொடர்கதை வெளியானது. எழுதியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மாள். இன்று இந்த ஊரில், தார் சுற்றும் பெண்களை விடுங்கள், இலக்கியம் பேசுகிற நண்பர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும் 'உதவித்தொகைத் திட்டமா?' என்கிறார்கள். 1989இல் திருமண உதவியாக வந்து 2022இல் உயர்கல்வி உதவியாக மாறிய அரசுத் திட்டத்தில்தான் அவர் பெயர் தங்கியிருக்கிறது.

அம்மாள் தேவதாசி முறைக்குள் வளர்ந்து, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர். காங்கிரசில் இருந்தார். 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் மறுக்கப்பட்டுப் பெரியார் வெளியேறிய பிறகு அவரும் அந்தப் பக்கம் வந்துவிட்டார். 1938 இந்தி எதிர்ப்பில் திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்தார், சிறை போனார். இதற்கு நடுவே, 1936இல், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவல். அதில் பெண்கள் பேசுகிறார்கள், விடாமல் பேசுகிறார்கள். மேடை அப்படியே கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படிப்பட்ட பிரதிக்கு நம் விமர்சன மரபு தயாராக வைத்திருக்கும் சொல் ஒன்றுதான்: பிரச்சாரம்.

சரி, நாம் கலை என்று கொண்டாடியது எதை? 1943இல் வந்த புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்'. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். பெரிய கதை, சந்தேகமில்லை. ஆனால் அங்கே எதிர்ப்பு மௌனமாக உறைந்துவிடுகிறது. அயர்லாந்திலும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். 1914இல் நூலாக வந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் டப்ளின் கதைகளில் கடைசிக் கதை. விருந்தில் தேசியவாதியான மிஸ் ஐவர்ஸ், கேப்ரியலின் ஆங்கிலச் சார்பை முகத்துக்கு நேரே கிண்டலடிக்கிறாள். சாப்பாட்டுக்கு முன்பே அவளைக் கிளப்பி அனுப்பிவிடுகிறது கதை. நம் நினைவில் நிற்பதோ தூங்கிப்போன மனைவியும் வெளியே பெய்யும் பனியும்.

அம்மாளின் பெண்கள் கிளம்பிப் போவதில்லை. கல்லாவதுமில்லை.

அதற்காக நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தலைப்பையே பாருங்கள்: வலை விரிப்பவள் தாசி, மதி பெறுபவனோ மைனர். 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து தாசிப் பெண்களும் கூடினார்கள், மனுக் கொடுத்தார்கள். 1947இல்தான் சட்டம் வந்தது. மனுக் கொடுத்தவர்களும் அரசியல் பேசிய பெண்கள்தானே? அந்தக் குரலை நாவல் பெரும்பாலும் சூழ்ச்சியாகவே கேட்கிறது. தான் வளர்ந்த வீட்டுப் பெண்களையே அம்மாள் எதிரே நிறுத்த வேண்டியிருந்தது. இந்த முரணை வாசிக்காமல் அவரை வெறும் 'வீராங்கனை' ஆக்குவது, திட்டத்துக்குப் பெயர் வைப்பதைப் போன்ற காரியம்தான்.

அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு பேசியவரில்லை. 1949இல் மணியம்மை திருமணத்தை ஏற்காமல் பெரியாரிடமிருந்தே பிரிந்து தி.மு.க. பக்கம் போனார். அப்போது அவருக்கு வயது 66.