சேரி அணிக்குச் சான்று எங்கே?

விக்கிப்பீடியாவில் மோகன் பகான் கால்பந்துக் கழகத்தின் பக்கத்தைப் பாருங்கள். 1889இல் கல்கத்தாவில் தொடங்கிய கழகம். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்சயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றது. வென்றவர்களில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். சுதிர் சாட்டர்ஜி மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார். கோல் போட்டவர்கள் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும். நூறாண்டு கடந்தும் ஒரு பெயர்கூடத் தொலையவில்லை. எவராவது விளையாட்டாக ஒரு எண்ணை மாற்றினால், கூலி வாங்காத ஒரு தன்னார்வலர் அதைக் கண்டுபிடித்துப் பழையபடி ஆக்கிவிடுகிறார்.

அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். நம் கேள்வி வேறு. அவர்கள் காக்கும் தகவல் முதலில் எங்கிருந்து வந்தது?

விக்கிப்பீடியாவின் விதி இதுதான்: ஒரு செய்தி எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதாது, நம்பகமான சான்று வேண்டும். கழகத்தோடு தொடர்பில்லாத நாளேடோ நூலோ அதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் 'சான்று தேவை' என்ற குறி விழும். கட்டுரையே நீக்கப்படவும் கூடும். பொய்யையும் விளம்பரத்தையும் தடுக்க இப்படியொரு விதி வேண்டும்தான். ஆனால் அந்த விதி வேலையைத் தொடங்கும் முன்பே சாதி தன் வேலையை முடித்துவிடுகிறது. கல்கத்தாவின் படித்த மேல்சாதியாருக்குப் பத்திரிகைகள் இருந்தன. சேரி அணியின் ஆட்டத்துக்கு எந்த நிருபர் வந்தார்?

அதே 1911இல் இங்கிலாந்து போன இந்தியக் கிரிக்கெட் அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர் பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் கூட ஆடியவர்கள் உள்ளே தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். தன் காலத்தில் புகழோடு இருந்த அவரைப் பின்வந்த தலைமுறைகள் மறந்தன. 2002இல் ராமச்சந்திர குஹாவின் நூல் அவரைத் திரும்பப் பேசவைத்தது. இன்று அவரைப் பற்றிய கட்டுரை சான்றோடு நிற்கிறது. முதலில் நூல் வந்தது, கலைக்களஞ்சியம் அதற்குப் பின்னால் வந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிவதற்கு முன் சேலம் மாவட்டம் ஓசூர்வரை நீண்டு கிடந்தது; அதைத் தாண்டினால் பெங்களூர். அங்கே அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் பெரும்பான்மை. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் அங்கே சிலை உண்டு. தங்கள் கால்பந்து வரலாற்றை அந்த மக்கள் சிலையாக நட்டுவைத்தார்கள். சிலையைப் பார்க்க வந்த செய்தியாளர்கள் தெருவின் கதையையும் எழுதிப்போனார்கள். அப்படித்தான் அதற்கும் சான்று கிடைத்தது.

சேலம், நாமக்கல் சமவெளியிலும் பொங்கலுக்கும் ஏப்ரல் 14க்கும் ஏரி வறண்ட நிலத்தில் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. நோட்டீஸ் அடிக்கிறோம், மைக் கட்டுகிறோம், சுழற்கோப்பை தருகிறோம். மறுவாரம் நோட்டீஸ் குப்பைக்குப் போகிறது. கோப்பையில் அணியின் பெயர் இருக்கும். ஆடியவர் பெயர் இருக்காது.

வாய்மொழியைச் சான்றாக ஏற்கச் சொல்லி 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு அச்சல் பிரபாலா இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்தார். பெரும் விவாதம் நடந்தது, விதி மாறவில்லை. 2015இல் தலித் வரலாற்று மாதத்தைத் தொடங்கியவர்கள் கூடி உட்கார்ந்து விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். இரண்டு வழியும் நமக்கு வேண்டும். ஆனால் நம் முன்னோர் காட்டிய வழி இன்னும் பழையது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டு போடுங்கள். ஆட்டம் நடந்த தேதி, எதிரணி, கோல் கணக்கு, பதினொரு பேரின் முழுப்பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய புகைப்படத்தின் பின்புறம் யார் யார் என்று குறித்துவையுங்கள். ஆடி ஓய்ந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அதைக் கட்டுரையாக்கிச் சிற்றிதழ்களுக்கும் நாளேடுகளின் மாவட்டப் பதிப்புகளுக்கும் அனுப்புங்கள். நூலாக்கி நூலகத்தில் சேருங்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. நம் அணிக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் சான்றை நாம்தான் உண்டாக்க வேண்டும்.