வாலால் வந்த பெயர்

கணினி மவுஸ் எலியின் உருவைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது என்று கருதுவோர் உண்டு. வரலாறு காட்டும் வரிசை வேறு.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் இக்கருவியைக் கருத்தளவில் வகுத்தார். 1964இல் உடன் பணியாற்றிய பொறியாளர் பில் இங்கிலிஷ் முதல் மாதிரியைச் செய்தார். அது கைக்கடக்கமான மரக்கட்டை. மேலே ஒரு பொத்தான், அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள். ஒரு சக்கரம் கிடைமட்ட நகர்வையும் மற்றது நெடுக்கு நகர்வையும் அளந்தன. இந்த அமைப்புக்கும் எலிக்கும் தொடர்பில்லை.

மின்கம்பி மட்டும் பின்புறமாக, மணிக்கட்டை நோக்கி வெளிவந்தது. அது வாலாகத் தோன்றவே பெயர் பிறந்தது. முதலில் அழைத்தவர் யாரென்பது எங்கல்பார்ட்டுக்கே நினைவில் இருக்கவில்லை. 1967இல் விண்ணப்பித்து 1970இல் பெற்ற காப்புரிமையின் தலைப்போ அதனை 'இடங்காட்டி' என்றே குறித்தது.

கம்பி கைக்கு இடையூறாக இருந்ததால் பின்னர் முன்புறத்திற்கு மாறியது. கம்பியில்லாக் கருவிகளில் வாலே மறைந்தது. ஒப்புமை அழிந்தும் பெயர் நிலைத்தது.

தமிழ் இலக்கணம் இத்தகைய பெயரை உவமையாகுபெயர் என்னும். தமிழில் வழங்கும் 'சுட்டி' என்பதோ சுட்டுதல் என்னும் தொழிலால் அமைந்த காரணப்பெயர். பொருளில் அது காப்புரிமைத் தலைப்புக்கே நெருங்கியது. ஆங்கிலப் பெயர் கருவியின் தோற்றத்தைக் கண்டவரின் பார்வையைச் சொல்கிறது. அதைச் செய்தவரின் நோக்கத்தை அன்று. பெயரை மட்டும் சான்றாகக் கொண்டு வடிவமைப்பின் வரலாற்றை எழுதலாகாது.