ஒத்திவைத்த வரவும் விடுமுறைச் சங்கத்தின் கணக்கும்

வாடிக்கையாளரிடம் பணம் வாங்கியாயிற்று. அதற்கான வேலை இன்னும் முடியவில்லை. வங்கிக் கணக்கில் பற்று வைத்த தொகைக்கு எதிரே ஒரு வரவு வைத்தே ஆகவேண்டும். வருமானத்தில் வைக்க முடியாது, இன்னும் ஈட்டவில்லை. ஆகவே ஐந்தொகையில் பொறுப்புகளின் கீழ் அது தங்குகிறது. வேலை நடக்க நடக்க, ஆண்டுதோறும் ஒரு பகுதி இலாபநட்டக் கணக்குக்கு மாறுகிறது. ஒத்திவைத்த வரவின் இயக்கம் இவ்வளவே. பதிவில் சிக்கலே இல்லை. அந்த இருப்பு எதைக் குறிக்கிறது என்பதில்தான் சிக்கல்.

கடன் கொடுக்கும் வங்கியும் பங்குச் சந்தை ஆய்வாளரும் பல வேளைகளில் இதை மற்றக் கடன்களோடு சேர்த்துக் கூட்டிவிடுகிறார்கள். அது பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். மற்றப் பொறுப்புகள் பெரும்பாலும் இனிக் கொடுக்கவேண்டிய தொகையால் அளக்கப்படுகின்றன. ஒத்திவைத்த வரவோ ஏற்கெனவே வாங்கிய விலையால் அளக்கப்படுகிறது. அந்த விலைக்குள் இனி ஆகப்போகும் செலவும் இருக்கிறது, இன்னும் ஈட்டாத இலாபமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் கோடு ஐந்தொகையில் எங்கும் இல்லை.

இந்தத் தலைப்பின் மீதான ஐயம் புதிதல்ல. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் ஸ்ப்ரௌஸ் 1966-இல் அமெரிக்கக் கணக்காளர் இதழில் எழுதிய கட்டுரையில், ஐந்தொகையில் ஒதுங்கும் இத்தகைய ஒத்திவைப்புகளுக்குப் பெயர் தெரியாத பொருளைச் சுட்டும் ஒரு கேலிப்பெயரையே சூட்டினார். அன்றைய நடைமுறை அதற்கு இடம் கொடுத்தது. ஒத்திவைத்த வரி யாருக்கும் கொடுக்கவேண்டிய கடனல்ல என்று தெரிந்தே 1967-இல் அங்கே அது வரவாக வைக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தை மலிவாக வாங்கியதால் எழும் எதிர்மறை நற்பெயரை 40 ஆண்டுகள் வரை பரப்பிக் கரைக்கவும் 1970-இல் வழி விடப்பட்டது. பிற்பாடு பொறுப்பு என்பதற்குத் திட்டமான வரையறை வந்ததும் இவை ஒவ்வொன்றாக வெளியேறின. தங்கியவற்றுள் முக்கியமானது முன்பணம் பெற்ற ஒப்பந்தம். வாடிக்கையாளருக்குச் செய்யவேண்டிய கடமை அதில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் கடமை இருப்பது வேறு, அதன் அளவு சரியாக இருப்பது வேறு.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சென்னையிலேயே கிடைக்கிறது. விடுமுறைச் சங்கம் நடத்தும் மஹிந்திரா ஹாலிடேஸ் நிறுவனம் உறுப்பினர்களிடம் நுழைவுக் கட்டணம் பெற்று, 33 அல்லது 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சில நாட்கள் விடுதியில் தங்கும் உரிமையைத் தந்தது. கட்டணத்தில் 40 சதவீதத்தை, உறுப்பினர் சேர்ந்த ஆண்டிலேயே வருமானமாகக் காட்டி, மீதி 60 சதவீதத்தை உறுப்பினர் காலம் முழுவதற்கும் பரப்பியது. முழுத் தொகையும் முதல் ஆண்டின் வருமானமே என்றது வருமான வரித்துறை. பல ஆண்டுக் கடமை ஒப்பந்தத்தில் பிணைந்திருப்பதால் முழுத் தொகையையும் சேர்ந்த ஆண்டிலேயே வரிக்கு உட்படுத்த முடியாது என்று 2010-இல் சென்னை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு தீர்த்தது. பிறகு 2018 ஏப்ரல் முதல், வாடிக்கையாளர் ஒப்பந்த வருமானத்துக்கான இந்திய கணக்கியல் தரம் 115 நடைமுறைக்கு வந்தது. 40 சதவீத ஏற்பாடு அதோடு முடிந்தது. முன்பு இலாபமாகக் காட்டியதில் ஒரு பெரும் பகுதி நிகர மதிப்பிலிருந்து கழிக்கப்பட்டு மீண்டும் ஒத்திவைத்த வரவாயிற்று.

ஒரு கற்பனை உறுப்பினரை வைத்து இதைப் போட்டுப் பார்க்கலாம். கட்டணம் ரூ.2,50,000, காலம் 25 ஆண்டு, விற்பனை முகவர் தரகு ரூ.50,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று கொண்டால் வசூல் ரூ.2,95,000. அதில் ரூ.45,000 அரசுக்குப் போகிறது. அது வருமானக் கணக்குக்கே வராது. பழைய முறையில் முதல் ஆண்டு வருமானம் ரூ.1,06,000. தரகை முழுதும் கழித்தால் ரூ.56,000 மிஞ்சும். அடுத்த 24 ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு ரூ.6,000. புதிய முறையில் ஆண்டு வருமானம் ரூ.10,000, தரகும் சொத்தாக வைக்கப்பட்டு ஆண்டுக்கு ரூ.2,000 வீதம் கழிவதால் மிஞ்சுவது ரூ.8,000. இரு வழியிலும் 25 ஆண்டின் கூட்டுத்தொகை ரூ.2,00,000-தான். மாறுவது ஆண்டுவாரிப் பகிர்வும் ஐந்தொகையும்தான்: முதல் நாளில் முன்பு ரூ.1,50,000 பொறுப்பு, இப்போது ரூ.2,50,000. உறுப்பினருக்குத் தரவேண்டிய அறையில் ஒரு நாள்கூட இதனால் கூடவில்லை.

இத்தகைய திட்டங்களில் பராமரிப்புக்கென்று ஆண்டுச் சந்தா தனியாக வசூலாகிறது. அப்படியானால் நுழைவுக் கட்டணத்தின் எதிரே மிஞ்சும் செலவு பெரும்பாலும் கட்டடத் தேய்மானமும் வாடகை விடுதிகளுக்கான வாடகையும்தான். தேய்மானத்துக்குரிய பணம் கட்டடம் எழுந்தபோதே செலவாகிவிட்டது. எனவே ரூ.2,50,000 பொறுப்பில், இனிக் கையிலிருந்து வெளியேறப்போகும் பணம் அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை ஐந்தொகை சொல்லாது.

நிறுவனம் கைமாறும்போது இந்த வேறுபாடு வெளிப்படையாகவே தெரிகிறது. இந்திய கணக்கியல் தரம் 103-இன்படி, வாங்குபவர் இப்பொறுப்பை நியாய மதிப்பில் பதிய வேண்டும். பொதுவாக அது மீதி வேலைக்கான செலவும் ஓரளவு இலாபமும் மட்டுமே. விற்பனைக்காக ஏற்கெனவே செய்த முயற்சியின் விலை அதில் சேராது. நேற்று வரை ஒரு தொகையாக நின்ற பொறுப்பு, கையொப்பத்துக்கு மறுநாள் சுருங்குகிறது. கடமையில் மாற்றம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் இந்தச் சுருக்கம் வாங்கிய நிறுவனத்தின் பிந்தைய வருமானத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்ற குறை வலுத்தது; 2021-இல் விதியை மாற்றி, பழைய தொகையையே தொடரச் செய்தார்கள். பொறுப்பு எவ்வளவு என்ற கேள்வியை, வருமானம் எவ்வளவு தெரியவேண்டும் என்ற கவலை முடிவு செய்த இடம் இது.

அப்படியென்றால் எல்லா நிறுவனங்களும் செலவின்படியே அளந்துவிடலாமே? அதை நான் பரிந்துரைக்கவில்லை. தரம் 115-க்கு முன்னோடியான 2008 விவாத ஆவணத்திலேயே கடமையை நடப்பு மதிப்பில் அளப்பது பரிசீலிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டது. அப்படி அளந்தால் ஒப்பந்தம் போட்ட அன்றே, எந்த வேலையும் செய்யாமலே, இலாபம் பிறந்துவிடும். 25 ஆண்டுச் செலவை இன்றே மதிப்பிடும் பொறுப்பு மேலாளர் கையில் இருந்தால் அந்த இலாபத்தின் அளவும் அவர் கையில்தான் இருக்கும். 40 சதவீதம் என்ற பழைய எண்ணை வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடிந்ததில்லை. அளவீட்டில் எச்சரிக்கையாக இருந்தது சரியே.

குறை வெளிப்படுத்தலில் இருக்கிறது. மீதமுள்ள கடமைகளுக்குரிய தொகை எவ்வளவு, அது எந்தெந்தக் காலத்தில் வருமானமாகும் என்று குறிப்புகளில் சொல்லத் தரம் 115 கேட்கிறது. அந்த வருமானத்தை ஈட்ட இனி எவ்வளவு பணம் செலவாகும் என்று கேட்கவில்லை. நிறுவனம் தன் திட்டமிடலுக்காக அதை எப்படியும் கணக்கிட்டிருக்கும். அதே அட்டவணையில் இன்னொரு பத்தியாக, எந்த அனுமானத்தில் வந்தது என்ற வரியோடு அதைச் சேர்த்தால் போதும். இலாபநட்டக் கணக்கின் ஓர் எண்ணும் மாறாது. கடன் விகிதத்தைக் கணக்கிடும் வங்கி அதிகாரி, எந்தத் தொகையைக் கடனோடு கூட்டுவது, எதை விடுவது என்று தானே முடிவு செய்துகொள்வார்.