பெடல் போன பிறகு

தளவானூர் என்றதும் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் நினைவுக்கு வரும். அந்தக் குகையைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அந்த வட்டாரத்து நெல் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய், அங்கிருந்து அரிசி ஆலைகளுக்கு லாரியில் ஏறுகிறதே, அந்த லாரிகளை ஓடவைத்த பட்டறைக்காரர்களின் அறிவைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போவது போன்ற சாலைகளை நம்பி வளர்ந்த தொழில் அது. தானே கியர் மாற்றும் ஏஎம்டி லாரிகள் வந்து கிளட்ச் பெடலே இல்லாமல் போனதும், இனி அந்த அறிவுக்கு வேலையில்லை, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போதும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அந்த அறிவு எப்படி உருவானது என்று பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. இடையில், 1954-இல், ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் வரத் தொடங்கின. அந்தக் காலத்து லாரிகளில் கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கிளட்ச்சை இருமுறை மிதிக்கும் டபுள் கிளட்ச் போட வேண்டும். ஆகவே ஓட்டுநரின் இடது காலுக்குத்தான் கோளாறு முதலில் தெரியும். ஆனால் பட்டறையில் காலை மட்டும் நம்பிவிடவில்லை. கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கினால் வண்டி நிற்கும், லோடு போகும். இறக்காமலே கண்டுபிடிக்கும் கட்டாயத்தில்தான் சோதனைகள் பிறந்தன. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மேல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டால் இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. நியூட்ரலில் பெடலை அழுத்தும்போது சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அழுத்தியதும் அதுவரை கேட்ட சத்தம் அடங்கினால் கியர்பாக்ஸின் முன் பேரிங்கை. முழுக்க மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் கரகரத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் இவை எல்லாவற்றிலும் உள்ள வழி. ஆய்வுக்கூடத்திலும் அதைத்தான் செய்கிறார்கள்.

வோல்வோ 2001-இல் ஐ-ஷிஃப்ட்டை அறிமுகப்படுத்தியது. 2014-இல் மாருதி செலேரியோ வந்தபோது ஏஎம்டி என்ற பெயர் இந்தியச் சிற்றூர்களுக்கும் எட்டியது. கனரக லாரியின் ஏஎம்டியில் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் பழைய வகைதான். காலின் வேலையைப் பெரும்பாலும் காற்றழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் செய்கிறது. அது எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு சென்சார் கணினிக்குச் சொல்கிறது. கிளட்ச் முழுக்கப் பிடித்திருக்கும்போது இன்ஜின் சுழற்சியும் கியர்பாக்ஸ் உள் தண்டின் சுழற்சியும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் வழுக்கல். ஹேண்ட் பிரேக் சோதனை கேட்ட கேள்வியை இங்கே இரண்டு எண்கள் கேட்கின்றன.

ஸ்கேனரே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே என்பார்கள். சொல்லாது. கிளட்ச் நிலை சரியில்லை என்று எர்ரர் கோடு வந்தால், கட்டளைப்படி நகர்வு நடக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பிளேட் தேய்ந்திருக்கலாம், காற்று கசியலாம், ஒயர் முனை துருப்பிடித்திருக்கலாம். எர்ரர் கோடு வந்ததுமே கியர்பாக்ஸை இறக்கினால் ஒயர் கோளாறுக்குப் புது பிளேட் போட்டதாகிவிடும். முதலில் டேங்கில் அழுத்தம் போதுமா என்று பார்க்க வேண்டும். கிளட்ச்சை விலக்கிய நிலையிலேயே நிறுத்தி, திரையில் தெரியும் அளவு மெல்ல நழுவுகிறதா என்று கவனிக்க வேண்டும். நழுவினால் முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. ஒயரை அசைத்ததும் அளவு துள்ளினால் கோளாறு ஒயரிலோ அதன் இணைப்பிலோ. பழைய பட்டறையின் வழி அப்படியே இங்கே பொருந்துகிறது. ஓட்டுநரிடம் கேட்க வேண்டியதும் குறையவில்லை: மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் கிளட்ச்சைச் சூடாக்கிக் கருக்கிவிடும். அதை நிறுத்தாமல் புது பிளேட் மாட்டினால் அதுவும் கருகும்.

இந்தச் சோதனைகளைச் செய்யத் தனிப் பட்டறைகளுக்கும் கணினி திறந்திருக்க வேண்டும் என்பதற்குக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கணினியை யார் வேண்டுமானாலும் தொடலாம் என்றால் தவறான அமைப்பால் விபத்து நேரும் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். மென்பொருளை மாற்றுவதற்கு அந்த அச்சம் நியாயமே. ஆனால் அளவுகளைப் படிப்பதும், புது பிளேட் போட்டபின் அது எங்கே பிடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுப்பதும் மென்பொருளை மாற்றுவதாகாது. கற்றுக்கொடுக்கும் கருவி கையில் இல்லாத பட்டறை பிளேட்டைச் சரியாகவே மாட்டியிருந்தாலும் வண்டி குலுங்கிப் புறப்படும், பழி பட்டறைக்குப் போகும். யூரோ-6 மாசு விதிகளோடு, கனரக வண்டிகளின் பழுதுத் தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. செஞ்சிச் சாலைப் பட்டறை வரை அது பயன்பட வேண்டுமானால் சுழற்சி, கிளட்ச் நிலை, காற்றழுத்தம் ஆகிய மூன்று அளவுகளும், மறுபடி கற்றுக்கொடுக்கும் அந்த ஒரு படியும் எந்த நிறுவனத்தின் லாரியானாலும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும்.