விழியற்றோர் காத்த பாடல்கள்

உக்ரைனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ 1840இல் வெளியிட்ட தம் முதல் தொகுப்புக்கு ‘கோப்ஸார்’ எனப் பெயரிட்டார். கோப்ஸா என்பது விரலால் மீட்டும் நரம்புக்கருவி. அதையோ அதன் உறவான பண்டூராவையோ மீட்டி ஊர் ஊராகப் பாடியவரே கோப்ஸார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுள் பெரும்பாலோர் பார்வையற்றோர். வழிகாட்டும் சிறுவனோடு சந்தைக்கும் தேவாலய வாசலுக்கும் வருவர். இரந்துண்ணும் வாழ்வுதானே என்று நாம் கடந்துவிடலாகாது. அவர்களுக்கெனச் சங்கங்கள் இருந்தன. ஆசானிடம் பயின்று, சங்கத்தின் ஒப்புதல் பெற்ற பின்னரே ஒருவர் தனித்துப் பாடலாம். வெளியாருக்கு விளங்காத குழூஉக்குறியும் உண்டு.

கொசாக்கியரின் போர்களையும் துருக்கியரிடம் சிறைப்பட்டோரின் துயரையும் சொல்லும் ‘தூமா’ என்னும் நெடும்பாடல்களே அவர்தம் பெருஞ்செல்வம். பாடுவோருக்கு ஏடில்லை, நினைவு மட்டுமே இருந்தது. 1908இல் இசையறிஞர் ஃபிலாரெத் கொலெஸ்ஸா ஃபோனோகிராஃப் கருவியால் அவற்றை மெழுகு உருளைகளில் பதிந்தார். செலவை ஏற்றவர்கள், காசநோயால் நலிந்திருந்த கவிஞர் லெஸ்யா உக்ராயின்காவும் அவர் கணவரும்.

ஸ்டாலின் காலத்தில் கோப்ஸார்களை மாநாட்டுக்கென வரவழைத்துக் கூண்டோடு சுட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. அதற்கு ஆவணச்சான்று கிட்டவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கிட்டியவையே நெஞ்சை உலுக்கப் போதுமானவை. 1902இல் கார்கிவ் நகரின் தொல்லியல் மாநாட்டில் கோப்ஸார்களை மேடையேற்றியவர் எழுத்தாளர் ஹ்னாத் ஹோட்கெவிச். அன்று பாடியவர்களுள் ஒருவர் இவான் குச்செரென்கோ. பாடியவர் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார், மேடையேற்றியவர் 1938இல்.

பழைய பாடுமுறையைத் தேடுவோர் இன்றும் அந்த மெழுகு உருளைகளிடமே திரும்புகின்றனர்.