நெடுஞ்சுவரும் விருந்து மேசையும்: வீட்டுப் பல்லியோடு உடனுறைதல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்
வீட்டுப் பல்லியைப் பேணி வளர்த்தமைக்கு எழுத்துச் சான்றாக 19 ஆம் நூற்றாண்டு இலங்கையைச் சார்ந்த இரு குறிப்புகள் உள்ளன. அவற்றைப் பல்லியின் இயல்பு குறித்த அறிவியல் செய்திகளோடும், மனைப் பல்லியைப் பற்றிய சங்கப் பாடற் சான்றுகளோடும் ஒப்பிட்டு, ‘வளர்ப்பு’ என்னும் கருத்து இவ்வுயிர்க்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பல்லி, மனை, நிமித்தம், எமர்சன் டெனண்ட், பாலை

முன்னுரை

நாய், பூனை, கிளி, பூவை ஆகியவற்றை மனிதர் வளர்த்த வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. மனையினுள் நாள்தோறும் காணப்படும் பல்லிக்கு அத்தகைய வரலாறு இல்லை. பல்லியை எவரும் கொண்டுவந்து வைப்பதில்லை. அது தானே வந்து தங்குகிறது என்பதே இதற்குக் காரணம் எனலாம். தமிழிலும் மலையாளத்திலும் ‘பல்லி’, தெலுங்கில் ‘பல்லி’ (முதலெழுத்து ஒலிப்புடையது), கன்னடத்தில் ‘ஹல்லி’ என வழங்கும் சொல்லொற்றுமை, இவ்வுயிரோடு தென்னாட்டு மக்கள் கொண்ட பழக்கத்தின் தொன்மையைக் காட்டுகிறது. பழக்கம் வேறு, பேணுதல் வேறு. பேணுதலுக்குச் சான்று தேடும்போது முதலில் கண்ணில் படுவது தமிழ் நூலன்று, பிரித்தானிய அலுவலர் ஒருவரின் நூலாகும்.

டெனண்ட் தரும் இரு செய்திகள்

ஜேம்ஸ் எமர்சன் டெனண்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றியவர். 1859 இல் இலங்கை பற்றிய பெருநூலையும், 1861 இல் அத்தீவின் இயற்கை வரலாறு பற்றிய தனி நூலையும் வெளியிட்டார். அவர் பல்லியைப் பற்றி எழுதும் பகுதியில் இரு நிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன.

முதலாவது அவர்தம் இல்லத்தில் நிகழ்ந்தது. குடும்பப் பெண்டிர் மாலைப் பொழுதைக் கழிக்கும் அறையில், பொன்முலாம் பூசிய ஓவியச் சட்டத்தின் பின்னே ஒரு பல்லி தங்கியிருந்தது. மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டதும் அது தவறாமல் சுவரில் தோன்றி, தனக்கு வழக்கமாக இடப்படும் உணவுத் துணுக்குகளை எதிர்பார்க்கும். எவரும் கவனியாதவிடத்து, கவனிக்கும்வரை கூர்மையாக ஒலி எழுப்பிக்கொண்டேயிருக்கும்.

இரண்டாவது கொழும்புக் கோட்டையில் இருந்த ஓர் அதிகாரியின் குடியிருப்பைப் பற்றியது. அங்கே ஒரு பல்லி நாள்தோறும் உணவு மேசைக்கு வரப் பழக்கப்பட்டிருந்தது. உணவின் இறுதியில் பழமும் இனிப்பும் பரிமாறப்படும் வேளையே அது வரும் வேளை. அக்குடும்பத்தார் சில மாதங்கள் வெளியே சென்றிருந்தனர். அக்காலத்தில் கூரை உயர்த்தப்பட்டது, சுவர்கள் பூசப்பட்டன, மேல்தளம் வெள்ளையடிக்கப்பட்டது. பல்லி மறைந்திருக்கும் என்றே கருதினர். ஆயினும் அவர்கள் திரும்பி வந்து உண்ட முதல் நாளிலேயே அது வழக்கமான நேரத்தில் வந்து சேர்ந்தது என்கிறார் டெனண்ட்.

இவ்விரு செய்திகளையும் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலுமா? வீட்டுப் பல்லியின் முதன்மை உணவு உயிருள்ள பூச்சியே. அசையாத உணவை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றியவுடன் பல்லி தோன்றியமைக்கு, ஒளியை நாடி வரும் பூச்சிகளே போதிய காரணம். இருள் சூழும் வேளை அதன் இயல்பான வேட்டைப் பொழுதுமாகும். எனினும் பல்லிகள் இனிப்பு நீர்மங்களை நக்கி உண்பதும் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே கோட்டைப் பல்லி உணவின் தொடக்கத்தில் வாராமல் பழமும் இனிப்பும் வரும் வேளையைத் தேர்ந்தது என்னும் செய்தி நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. இந்நுட்பம் புனைந்துரைப்பவர்க்கு எளிதில் தோன்றாத ஒன்று.

ஐயத்திற்கு உரியது வேறொன்று. சில மாதங்களுக்குப் பின் வந்தது அதே பல்லிதான் என எவ்வாறு அறிந்தனர்? அடையாளம் எதனையும் டெனண்ட் கூறவில்லை. பல்லி தன் வாழிடத்தை எளிதில் விட்டகலாது. பேணப்படும் நிலையில் ஐந்தாண்டு அளவும் வாழக்கூடியது. ஆதலின் அதே பல்லியாக இருத்தல் கூடாதது அன்று. ஆனால் வெற்றிடமான எல்லையை வேறொரு பல்லி கைக்கொண்டு, அதே விளக்கையும் அதே இனிப்பையும் நாடி வந்திருத்தலும் இயலும். பிரிந்து வந்தவர்களைப் பழைய நண்பர் வரவேற்றதாகக் கொள்ளும் உணர்ச்சி, இரண்டாம் வாய்ப்பை எண்ணிப் பார்க்க இடந்தரவில்லை.

சங்கச் சான்றுகள்

மனைப் பல்லி சங்கப் பாடல்களில் பலவிடத்தும் வருகிறது. நற்றிணை 169, 246 ஆகிய பாடல்களில் அது உயர்ந்த சுவரை இடமாகக் கொண்டதாகவே சுட்டப்படுகிறது. 246 ஆம் பாடலில் பல்லியின் இனிய ஒலி தலைவன் வரவுக்கு நன்னிமித்தமாகிறது. 169 இல் வினைமேற் சென்று மீளும் தலைவன், தன் வரவை அறிவிக்கும் வகையில் அப்பல்லி வீட்டில் ஒலிக்குமோ என எண்ணிப் பார்க்கிறான். அகநானூற்று 9 ஆம் பாடலில் கல்லாடனார் காட்டும் தலைவி, கன்றுகள் வீடு திரும்பும் மாலையில் மனையின் ஒரு புறம் நின்று, பல்லி ஒலிக்குந்தோறும் அதனைப் பரவுகிறாள்.

இவற்றினும் நுட்பமானது அகநானூறு 289. தலைவன் பிரிந்த நாள்களைக் கோடிட்டு எண்ணிய சுவரைத் தலைவி நோக்கியிருக்கிறாள். நள்ளிரவில் அவள் நினைக்குந்தோறும் பல்லி ஒலிக்கிறது. மாலையும் நள்ளிரவும் பல்லி இயங்கும் பொழுதுகள். கவிமரபு எனக் கொள்ளப்படும் இக்காட்சிகளில் கால வழு இல்லை என்பது கருதத்தக்கது.

இங்கே உணவிடுதல் இல்லை, பழக்குதல் இல்லை. பல்லிக்குச் செய்யப்படுவது பரவுதல் ஒன்றே. பல்லியும் எதனையும் கேட்பதாகக் காட்டப்படவில்லை, அது கூறுகிறது. டெனண்டின் இல்லத்தார் அவ்வொலியை உணவு வேண்டும் குரலாகக் கேட்டனர், தலைவி அதனைப் பிரிந்தவன் பற்றிய சொல்லாகக் கேட்டாள். இரண்டுமே கேட்போர் ஏற்றிய பொருள்கள்.

பாலை பாடிய பெருங்கடுங்கோ மட்டும் இதனை இரு நிலையிலும் வைத்துப் பாடியிருக்கிறார். கலித்தொகை 11 இல் மனையில் பல்லி நன்றாக ஒலித்தது எனத் தலைவி ஆறுதல் கொள்கிறாள். குறுந்தொகை 16 இலோ பல்லி கள்ளிக் காட்டில் இருக்கிறது. ஆறலை கள்வர் தம் இரும்பு அம்பை நகநுனியில் புரட்டும் ஓசைக்கு அதன் ஒலி உவமிக்கப்படுகிறது. செந்நிறக் கால்களையுடைய அப்பல்லி தன் துணையை அழைக்கிறது. வீட்டுப் பல்லி இனங்களில் தொடர் ஒலியைப் பெரிதும் எழுப்புவது ஆண் பல்லி என்றும், எல்லையைக் காப்பதும் இணையை நாடுவதும் அதன் நோக்கங்கள் என்றும் இன்றைய உயிரியல் கூறும். நிமித்தம் ஏற்றாது துணைவிளியாக அவ்வொலியைக் கண்ட அப்பாடல், டெனண்டின் குறிப்பினும் உண்மைக்கு அண்மையில் உள்ளது.

ஒலியிலிருந்து உடலுக்கு

பிற்காலத்தில் கவனம் இடம் மாறுகிறது. கௌளி சாத்திரத்தில் பல்லி ஒலிக்கும் திசை இன்னும் பேசப்பட்டாலும், பஞ்சாங்கங்களில் ‘பல்லி விழும் பலன்’ தனி அட்டவணையாக நிலைபெற்றுவிட்டது. எந்த உறுப்பில் விழுந்தால் என்ன பயன் என்பதே அதன் வினா. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் பொன், வெள்ளிப் பல்லி உருவங்களைத் தொட்டு வணங்குவோர், அத்தீங்கு நீங்கும் எனக் கருதுகின்றனர். ஊர்க்கெல்லாம் குறி கூறும் பல்லி தானே கழுநீர்ப் பானையில் விழும் என்னும் பழமொழி இவ்விரு நிலைகளையும் எள்ளலோடு இணைக்கிறது. பரவப்பட்ட பல்லி அஞ்சப்படும் பல்லியாகிறது. ஆயினும் மரபின் இவ்விரு நிலைகளிலும் அது சுவரிலேயே விடப்பட்டது.

கூண்டிற்குள்

கண்ணாடிப் பெட்டியில் பல்லி வளர்ப்பது அண்மைக் கால வழக்கம். அதற்கு உயிருள்ள பூச்சிகள் வேண்டும், சுண்ணச்சத்து வேண்டும், நீரைக் கிண்ணத்தினும் துளிகளாக நக்கிப் பருகுவதால் பெட்டியின் சுவரில் நீர் தெளிக்க வேண்டும். கையால் பற்றினால் வாலை உதிர்த்துவிடும். வால் கொழுப்பைச் சேமிக்கும் உறுப்பாதலின் அவ்விழப்பு சிறிதன்று. சுருங்கக் கூறின், வீட்டுச் சுவரும் விளக்கும் செலவின்றித் தந்தவற்றையே வளர்ப்போர் விலைகொடுத்து மீண்டும் அமைக்க வேண்டியுள்ளது.

வீட்டுப் பல்லி இனங்களுள் பரவலானதாகிய ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனேட்டஸ் 1836 இல் அறிவியல் பெயர் பெற்றது. கப்பற் சரக்குகளோடு அது பசிபிக் தீவுகளுக்கும் ஆத்திரேலியாவிற்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் சென்று பரவியது. பசிபிக் தீவுகளில் விளக்கொளியில் பூச்சிகள் திரளும் சுவர்களில், அங்கிருந்த சிறிய பல்லியினத்தை அது பின்தள்ளிய முறையை 1993 இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. டெனண்டின் மெழுகுவர்த்தி செய்த வேலையை அங்கே மின்விளக்கு செய்தது.

வணிகத்தில் அதன் நிலை வேறு. தென்கிழக்காசியாவின் டோக்கே எனும் பெரும் பல்லி, வளர்ப்புக்காகவும் மருந்துக்காகவும் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டதால், 2019 இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிறிய வீட்டுப் பல்லிக்கு அத்தகைய மதிப்பு இல்லை. மேலை நாட்டு ஊர்வன விற்பனையகங்களில் அது வளர்ப்புயிராக விற்கப்படுவதோடு, வளர்ப்புப் பாம்புகளுக்கு இரையாகவும் விற்கப்படுகிறது.